பதினாலேகால்

வலது கையில் இடுக்கி, இடது கையில் துளை அளக்கும் அட்டை. இடுக்கியின் நுனியில் ஒரு பச்சைத் தபால்தலை. அதன் விளிம்பிலுள்ள பற்களை அட்டையில் அச்சிட்ட புள்ளி வரிசைகளின் மேல் வைத்து, ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறார். பதின்மூன்றில் பொருந்தவில்லை. பதின்மூன்றரையில் பாதிவரை பொருந்தி, பிறகு விலகுகிறது. பதினாலுக்கு வந்ததும் எல்லாப் பல்லும் அதனதன் புள்ளியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

"உக்காந்துட்டார்" என்கிறார். தபால்தலையில் இருப்பது ராஜாவின் தலை என்பதால் இந்த மரியாதை.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சீசாவைக் குலுக்கியபடி பக்கத்தில் நின்றேன்.

"தலையை நிமிர்த்துங்க."

"இன்னும் ஒரே ஒரு ராஜா, அக்கா."

"போன ராஜாவுக்கும் இதையேதான் சொன்னீங்க."

நிமிர்ந்தார். இடுக்கியை மட்டும் கீழே வைக்கவில்லை. கண்ணில் மருந்து விழும்போதுகூட அந்தப் பச்சைத் துண்டு காற்றில் ஆடாமல் நின்றது. எழுபத்தோரு வயதில் இப்படி நடுங்காத கையை நான் அதிகம் பார்த்ததில்லை. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் அவருக்குப் பல்செட்டார் என்று பெயர். நாற்பது வருடம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்தவர். நோயாளிகளை அவர் பார்த்ததில்லை. அவர்களின் தாடை அச்சுகளைத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் இன்றும் யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் வைத்துவிட்டுப் போனபோது, "யாருன்னு தெரியல. ஆனா கீழ் வரிசை நம்ம செஞ்சது" என்றார்.

இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற தங்கையோடு, முதல் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். ஓர் அறையில் மின்விசிறி ஓடாது. கெட்டுப்போகவில்லை, தடை. தபால்தலை பறந்துவிடும். அந்த அறைக்குள் போகிறவர்களுக்கு வேறு சில சட்டங்களும் உண்டு. ஈரக் கையோடு வரக்கூடாது. மேசைக்கு நேரே நின்று பெருமூச்சு விடக்கூடாது. "தும்மல் வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க" என்று எனக்கு முதல் நாளே சொன்னார். தும்மல் என்ன தபால் போட்டுவிட்டா வரும்?

அவர் சேர்ப்பது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்துத் தபால்தலை. படத்துக்காக அல்ல. எல்லாவற்றிலும் அதே ராஜா, அதே தாடி. ஒரே மாதிரி முந்நூறு பச்சை ராஜாக்கள் இருக்கிறார்கள். எனக்கு முந்நூறும் ஒன்று. அவருக்கு முந்நூறும் வேறு. இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளை விழுந்திருக்கிறது என்பது முதல் கணக்கு. பன்னிரண்டு என்றால் ஓர் இயந்திரம், பதினாலு என்றால் இன்னோர் இயந்திரம். பிறகு காகிதம் தடிமனா, மெலிசா. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கிரீடக் குறி தெரிகிறதா. கடைசியில் பின்பக்கத்துப் பசை. மினுமினுக்கும் பசை, மங்கல் பசை, வெயில் நாடுகளுக்கென்று காய்ச்சிய வெடித்த பசை என்று அதில் மட்டும் ஏழு வகை சொல்கிறார். உறையில் ஒட்டப்படாத ஒரு தபால்தலையை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கைச்சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது மெல்ல எழுந்து சுருண்டது.

"எந்தப் பக்கமா சுருளுதுன்னு பாருங்க. காகிதத்துல நார் எப்படி ஓடுதுன்னு அதுவே சொல்லும்."

"அவ்வளவு விவரமா பேசுமா?"

"மனுஷங்களைவிட நல்லாவே பேசும். பொய் சொல்லாது."

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அதனாலதான் அண்ணன் வீட்டுல இருக்கிற மனுஷிகூடப் பேசறதே இல்ல!"

அவர் நனைத்துக் காயவைப்பதைப் பார்த்தால் அந்த அம்மாளின் குறை நியாயம் என்று தோன்றும். பழைய உறைகளிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை கரைந்து தபால்தலை தானாக நழுவும்வரை காத்திருப்பார். பிறகு மை ஒற்றும் தாள்களுக்கு இடையே அடுக்கிப் பாரம் வைப்பார். பாரம் என்ன தெரியுமா? பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். ஓய்வு பெற்றபோது மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார். சாப்பாட்டு மேசை முழுக்க மேல் வரிசையும் கீழ் வரிசையும் இளித்துக்கொண்டு இரண்டு நாள் இருக்கும். அண்ணனும் தங்கையும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

"அவசரப்பட்டா சுருங்கிடும். மெதுவா, அமுங்கிக் காயணும்" என்பார். பொய்ப்பல் வேலையிலும் அவருக்கு எதிரி சுருக்கம்தான். ஈறு நிறத்துப் பிளாஸ்டிக் வெந்து ஆறும்போது ஒரு மயிரிழை சுருங்கினாலும், போட்டுக்கொள்கிறவர் வாய் புண்ணாகிவிடும்.

இடது கண்ணில் புரை எடுத்த பிறகு நாளுக்கு நான்கு முறை மருந்து விட என்னைக் கூப்பிட்டார்கள். கட்டை அவிழ்த்த அன்று அவர் முதலில் பார்த்தது தங்கையை. "ஏன், உன் தலை இவ்வளவு வெள்ளையாவா இருக்கு?" என்றார். அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் பேசவில்லை. அடுத்து ஆல்பத்தைத் திறந்தவர், ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மங்கல் மஞ்சள் காகிதம் என்று பத்து வருடமாக எழுதி வைத்த நாற்பது தபால்தலைகளும் சுத்த வெள்ளை. மஞ்சள் இருந்தது காகிதத்தில் அல்ல, கண்ணில். யாராக இருந்தாலும் கொஞ்சம் சோர்ந்திருப்பார்கள். இவர் வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார், சிரித்தார். "இந்தக் கண்ணுல மஞ்சள், அந்தக் கண்ணுல வெள்ளை. ஒரே தபால்தலையில ரெண்டு வகை!" நாற்பது குறிப்புச் சீட்டுகளையும் அந்த வாரமே மாற்றி எழுதினார்.

ஆனால் ஒரு பக்கத்தை அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பச்சை ராஜா தனியாக உட்கார்ந்திருந்தார். மேல் விளிம்பில் பதினாலு. பக்க விளிம்பில் பதினாலேகால். உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில் ஒரு கட்டு உறைகளை நனைத்தபோது கிடைத்தது. எல்லாம் பதினாலாக இருக்க, இது மட்டும் கால் கூட. அப்படியானால் அச்சகத்தில் யாருக்கும் தெரியாத இன்னோர் இயந்திரம் இருந்திருக்க வேண்டும். சேகரிப்போர் சங்கத்துக்கு எழுதினார். அவர்கள் நம்பவில்லை, பிறகு அளந்தார்கள், பிறகு நம்பினார்கள். இத்தனை வருடம் கழித்து, சங்கம் புதிதாகப் போடும் கையேட்டில் அதைச் சேர்க்கப் போகிறார்கள். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரோடு.

"ஆயிரக்கணக்கான பேர் என் பல்லைப் போட்டுச் சாப்பிட்டாங்க, அக்கா. ஒண்ணுலகூட பேர் போட முடியாது" என்றார் ஒரு நாள், மருந்து விட்ட கண்ணை மூடியபடி.

மூன்றாவது வாரம் கையேட்டின் அச்சுப்படி வந்தது. படித்துத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒரு தபால்தலையை உருப்பெருக்கியில் பார்க்க அனுமதி இருந்ததே தவிர, பொடி எழுத்தைப் படிக்கப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. "நான் படிக்கிறேன், குடுங்க" என்று தங்கை வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அண்ணன் ஏதோ கண்டுபிடித்தார் என்று தெரியும். என்ன என்று கேட்டதில்லை. தொலைபேசி நிலையத்துக் குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நிறம், ஆண்டு, காகிதம், கிரீடக் குறி. பிறகு கண்டுபிடித்த நாள். தேதி, மாதம், வருடம்.

அங்கே நின்றாள்.

"என்ன, எழுத்துப் பிழையா?"

"அண்ணா, இதுக்கு முந்தின நாள்தானே எங்க சூப்பர்வைசர் அம்மா ஒரே தடவை நம்ம வீட்டுக்கு வந்தாங்க?"

"வந்திருப்பாங்க. மேல படி."

"அன்னைக்கு மேசை பூரா தாடையா இருந்துச்சு. அவங்க முன்னாடி எப்படி அதை வைக்கிறது? தாடையெல்லாம் எடுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். ஸ்டாம்பு ஈரமா இருந்துச்சு. அப்பதான் பிஸ்கெட் சுட்டு அடுப்பை அணைச்சிருந்தேன். தட்டுல சூடு இருந்துச்சு. அதுல பரப்பி வச்சேன். அஞ்சு நிமிஷத்துல மொறுமொறுன்னு காஞ்சிடுச்சு. அவங்க போனதும் பழையபடி தாளுக்குள்ள அடுக்கிட்டேன். நீங்க கத்துவீங்கன்னு சொல்லல."

"எல்லாத்தையுமா?"

"தட்டுல இடம் பத்தல. கொஞ்சம்தான். ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் சுருண்டு, கருகின மாதிரி ஆச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டேன்." அவள் முகம் மாறியது. "ஏன், தப்பா?"

அவர் ஆல்பத்தை மூடினார். மேசையிலிருந்த இடுக்கியை எடுத்துத் துணியில் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுப்பு விஷயம் நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, அண்ணா. நான் வாயைத் திறக்க மாட்டேன். அக்காவும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கால் துளைக்காக ஒரு மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது? அதுதான் அப்போது எனக்குத் தோன்றியது, மறைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார். நாடி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணி மருந்துக்குப் போனபோது அறையில் இல்லை. சமையலறையில் அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினாலு அளவுள்ள வழக்கமான பச்சை ராஜாக்களில் மூன்று பேரை எடுத்து, நான்கு பக்கமும் அளந்து, எழுதிவைத்து, தண்ணீரில் போட்டிருந்தார்.

"எவ்வளவு சூடு இருந்திருக்கும்?"

"கை வைக்க முடியாது. ஆனா தண்ணி தெளிச்சா சீறாது." தங்கை அழுகிற நிலையில் இருந்தாள், ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னாள். அடுப்பை மூட்டி, தட்டைக் காய்ச்சி, அணைத்து, கையை மேலே பிடித்துப் பார்த்து, "இப்ப" என்றாள்.

மூன்று ராஜாக்களும் தட்டில் கிடந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றும் ஒரே திசையில், பக்கவாட்டில் திரும்பிப் படுக்கும் நோயாளி மாதிரி, மெல்லச் சுருண்டன. ஒன்று ஓரத்தில் பழுத்துவிட்டது. மற்ற இரண்டையும் ஆறவைத்துத் தாளுக்குள் அமுக்கினார். சுருட்டல் நேரானதும் அட்டையை எடுத்தார். நான் நேரத்தைப் பார்த்தேன். மருந்துக்கு முக்கால் மணி தாமதம். இருந்தும் சும்மா இருந்தேன்.

மேல் விளிம்பு, பதினாலு. தபால்தலையைத் திருப்பினார். பக்க விளிம்பைப் பதினாலின் மேல் வைத்தார். பற்கள் முதலில் பொருந்தி, போகப் போக விலகின. பதினாலேகால் வரிசைக்கு இறக்கினார்.

"உக்காந்துட்டார்."

இரண்டாவதையும் அளந்தார். அதுவும் அங்கேயே உட்கார்ந்தது.

நான் அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நார் ஓடுற திசையில சுருங்கல, குறுக்கே மட்டும் சுருங்கி, துளையெல்லாம் நெருங்கியிருக்கு! நாற்பது வருஷம் சுருக்கத்தோட குடும்பம் நடத்தினவன் நான். வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்திருக்கு, எனக்குத் தெரியல! இயந்திரமாம். அச்சகமாம். எந்த அச்சகம்? இந்தா, நிக்குது பாருங்க அச்சகம், பிஸ்கெட் தட்டோட!"

"சிரிக்காதீங்க அண்ணா, எனக்கு என்னவோ பண்ணுது" என்றாள் தங்கை.

சிரிப்பு நின்றதும் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் வயது தெரிந்தது. மருந்து விட்டேன். கண்ணை மூடியபடியே, "போனை எடும்மா" என்றார்.

சங்கத்தின் செயலாளர் ஒரு முன்னாள் பூகோள டீச்சர். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாம் கேட்டது.

"சொல்லுங்க பல்செட்டாரே, படிச்சாச்சா? பிழை இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு டீச்சர். நாலு வரியும் பிழை. எடுத்துடுங்க."

நடந்ததைச் சொன்னார். தேதி, தட்டு, நார், இன்றைய சோதனை. எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

"ஏங்க, இருபத்திரண்டு வருஷமா எட்டுப் பேர் இன்னொண்ணு கிடைக்குமான்னு தேடிட்டிருக்கோம்! நான் மட்டுமே நானூறு பச்சை ராஜாவை அளந்திருக்கேன்!"

"எங்க தேடினாலும் கிடைச்சிருக்காது டீச்சர். அது எங்க வீட்டு அடுப்புல செஞ்சது."

டீச்சருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு மறுபடி கோபம் வந்தது. பக்கம் கட்டியாகிவிட்டது, இப்போது அந்த இடத்தில் எதைப் போட என்றார்.

"ஏன் பொய்யாச்சுன்னு போடுங்க. இன்னும் எத்தனை பேர் வீட்டுல அடுப்பு இருக்கோ."

சற்று யோசித்துவிட்டு டீச்சர் சொன்னார்: "அதுவும் சரிதான். ஆனா நாலு வரி போதாது, முழுப் பக்கம் வேணும். அளவெல்லாம் போட்டு எழுதுங்க. நாளைக்குத் தபால்ல சேர்த்துடணும்."

போனை வைத்தார். தங்கை கதவோரம் நின்றபடி, "உங்க பேர் போச்சே அண்ணா" என்றாள். அவர், தனியாக இருந்த அந்தப் பச்சை ராஜாவை ஆல்பத்திலிருந்து எடுத்து, இன்று சுருக்கிய இரண்டு பேரின் பக்கத்தில் வைத்து, மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இரண்டு தட்டு சாப்பிட்டார் என்று மறுநாள் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி மருந்துக்குப் போனேன். கட்டுரை முடிந்திருந்தது. பொடி எழுத்து தெரியாததால் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது மூன்று பக்கம் ஓடியிருந்தது. சோதித்த நாள், நனைத்த நேரம், தட்டு, சூட்டைக் கையால் பார்க்கும் முறை, முன்னும் பின்னும் எடுத்த அளவு, கருகியது ஒன்று. முடிவில் 'எழுதியவர்கள்' என்று போட்டு, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு கிழித்திருந்தார். கீழ்க் கோட்டில் அவர் கையெழுத்து. மேல் கோடு காலி.

"சாட்சிக் கையெழுத்து நான் போடவா?" என்று கேட்டேன்.

"அது உங்க இடமில்ல, அக்கா" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இங்க வாம்மா" என்று கூப்பிட்டார்.

தங்கை மாவுக் கையோடு வந்தாள். வாசித்தாள். காலிக் கோட்டையும் அதன் கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்தாள். "எனக்கு எதுக்கு?" என்றாள்.

அவர், ஈரக் கை ஆகாத அந்த மேசையில் தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி, பிடியை அவளை நோக்கித் திருப்பி நீட்டினார்.